கைதும் செய்தி, விடுதலையும் செய்தியா?

தாம்பரத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே பேசிக்கொண்டிருந்தபோது மஅதனியின் பெயர் வந்தது. "கோவை குண்டுவெடிப்புக் குற்றவாளிதானே?" என்று நம் இளைஞர் ஒருவரே கேட்டார். நமக்கு அதிர்ச்சியாக இருந்தது.

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 உயிர்கள் பறிபோயின. அந்தக் கொடுமையை நியாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. அந்த வழக்கில் அதே ஆண்டு மார்ச் 31 அன்று கேரளத்தைச் சேர்ந்த அப்துல் நாசர் மஅதனி கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுகளை அவர் தொடக்கத்திலிருந்தே மறுத்தார். பிணை கிடைக்கவில்லை. 2007 ஆகஸ்ட் 1 அன்று கோவை தனி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதற்குள் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கழிந்துவிட்டன.

விடுதலையும் செய்தியானதுதான். ஆனால் ஒன்பது ஆண்டுகள் மனத்தில் பதிந்ததை ஒரு நாள் செய்தி அழித்துவிடாது. அந்த இளைஞரின் கேள்வியே அதற்குச் சாட்சி.

2008 பெங்களூரு குண்டுவெடிப்பு வழக்கில் 2010இல் அவர் மீண்டும் கைதானார். முதல் வழக்கில் விடுதலையானதால் இதிலும் நிரபராதி என்று நாம் தீர்ப்பெழுத முடியாது. குற்றவாளி என்று எழுத ஊடகத்துக்கும் உரிமையில்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

காவல்துறை சொன்னதைச் சரிபார்க்கப் போன பத்திரிகையாளருக்கு என்ன நேர்ந்தது? கே.கே. ஷாஹினா குடகுக்குச் சென்று, சாட்சிகளாகக் காட்டப்பட்டவர்களைச் சந்தித்தார். அவர்கள் சொல்வது காவல்துறையின் கூற்றோடு பொருந்தவில்லை என்று தெஹல்கா இதழில் எழுதினார். சாட்சிகளை மிரட்டியதாக அவர் மீதே வழக்குப் பாய்ந்தது, யுஏபிஏ சட்டமும் சேர்ந்தது. 2023இல் அவருக்குச் சர்வதேசப் பத்திரிகைச் சுதந்திர விருது கிடைத்தது.

அதே 2023 செப்டம்பரில், காவல்துறை ஊடகங்களுக்கு எப்படித் தகவல் தர வேண்டும் என்பதற்கு மூன்று மாதத்தில் வழிகாட்டி நெறிகளை வகுக்கும்படி உள்துறை அமைச்சகத்துக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊடக விசாரணை நீதியைக் கெடுக்கிறது என்பது வெறும் சமுதாயப் புலம்பல் அல்ல என்பதற்கு இது போதும்.

நாம் செய்ய வேண்டியது என்ன? தவறான செய்தி வந்தால் வாட்ஸ்அப்பில் கொதிப்பதோடு நின்றுவிடக் கூடாது. நறுக்கைப் பத்திரப்படுத்தி, முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் மறுப்பு அனுப்ப வேண்டும். பயனில்லையென்றால் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் முறையிடலாம். நாளிதழ் செய்தி என்றால் இரண்டு மாதங்களுக்குள் முறையிட வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஜமாஅத்துகளில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். இந்தப் பொறுப்பை அவர்கள் ஏற்கலாம்.

இன்னொன்றும் உண்டு. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற இறைக்கட்டளை ஹுஜுராத் அத்தியாயத்தில் இருக்கிறது. அது ஊடகத்துக்கு எதிராக நாம் ஏந்தும் ஆயுதம் மட்டுமல்ல. கைதானவர் வேறு சமூகத்தவர் என்றால், விசாரிக்காமல் பகிரும் நம் விரலையும் அது தடுக்க வேண்டும்.

அந்த இளைஞரிடம் இதைத்தான் சொன்னோம். "தெரியாமல் பேசிவிட்டேன் ஹஜ்ரத்" என்றார். தெரிந்துகொள்ள முன்வந்தாரே, அல்ஹம்துலில்லாஹ்.