ஒரே தொட்டியில் இரண்டு முரடர்கள்
டெல்லி ஜாமா மசூதிப் பக்கத்து அலங்கார மீன் கடைகளில் ஆஸ்கர் குஞ்சு விரல் நீளம்தான் இருக்கும். நன்றாகத் தீனி போட்டால் ஓராண்டில் ஓரடியை நெருங்கிவிடும். அதோடு ஃப்ளவர்ஹார்ன் மீனையும் இரண்டடித் தொட்டியில் விட்டால் சண்டை நிச்சயம். எல்லாம் இடத்துக்காகத்தான். ஒன்று மூலையைப் பிடித்துக்கொண்டு, செவுளை விரித்து, மற்றதன் வாலைக் கிழிக்கும். தோற்றது ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி, இரை எடுக்காமல் கிடக்கும். புது மீனை விடும் நாளில் கற்களை இடம் மாற்றுங்கள். பழைய எல்லைகள் கலையும். ஃப்ளவர்ஹார்னுக்கோ தனித்தொட்டிதான் நியாயம். வாஸ்து, அதிர்ஷ்டம் என்று வாங்குவோர் இதை யோசிப்பதே இல்லை. சமாளிக்க முடியாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள், யமுனையில் விடாதீர்கள். இப்படி விடும் மீன்கள் நம் நீர்நிலைகளில் கலந்துவிடும்; 2023இல் ஸ்ரீநகர் தால் ஏரியில் அமெரிக்காவின் அலிகேட்டர் கார் மீனே சிக்கியிருக்கிறது.