எண்பது கிராமுக்காகச் சக்கரத்தைக் கெடுக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் இருந்தால் கடைசிவரை படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இரும்பை வழியாக இளைஞர்கள் கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள். பார்க்கவே சந்தோஷம். போன வாரம் அதில் ஒரு தம்பி, திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நின்றார். பின்சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்து, ரிம் கோணி, பிரேக்கில் இடித்துச் சுற்றவே இல்லை. எண்ணிப் பார்த்தேன். மொத்தமே 20 கம்பி. "வெயிட் குறையும்னு சொல்லி ஆர்டர் கொடுத்துக் கட்டினேன் சார்" என்றார். தம்பியின் எடை 90 கிலோ!

பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவன், கணக்காகவே கேட்கிறேன். ஒரு ஸ்போக்ஸ் கம்பி சுமார் 7 கிராம். 32 கம்பிக்குப் பதில் 20 போட்டால் மிச்சம் 12 கம்பி, அதாவது 84 கிராம். சைக்கிளில் மாட்டியிருக்கும் அரை லிட்டர் தண்ணீரே 500 கிராம். இந்த 84 கிராமுக்காகவா நடுரோட்டில் நிற்பது?

"ரேஸ்காரர்கள் அப்படித்தானே ஓட்டுகிறார்கள்?" என்பார்கள். அவர்கள் ஒல்லியானவர்கள். பின்னாலேயே காரில் மாற்றுச் சக்கரம் வரும். நமக்குப் பின்னால் வருவது மணல் லாரி.

அந்தக் காலத்துக் கருப்பு சைக்கிளை நினைத்துப் பாருங்கள். முன்னால் 32 கம்பி, பின்னால் 40. நெல் மூட்டை பின்னால்தான் ஏறும் என்று தெரிந்து செய்தார்கள். அதற்காக இரும்பு ரிம்மே உசத்தி என்றும் நான் சொல்லவில்லை. அது கனம், மழையில் பிரேக்கும் பிடிக்காது.

வழி இருக்கிறது. இரட்டைச் சுவர் அலுமினிய ரிம். முன்னால் 32, கனமானவருக்குப் பின்னால் 36 கம்பி. இரு முனையும் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. உள்ள துருப்பிடிக்காத கம்பி. இது எடையும் குறைவு, ஆயுளும் அதிகம். நடுப்பகுதி லேசாக நீண்டு கொடுப்பதால், வழக்கமாக அறுந்துபோகிற ஹப் வளைவுக்கு அதிர்ச்சி குறைகிறது.

எல்லாவற்றையும் விட முக்கியம், கம்பிகளின் விறைப்பு. ஒரே பக்கத்துக் கம்பிகளைச் சுண்டிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் ஆடி ஆடித்தான் அறுகிறது. புதுச் சக்கரத்தை முதல் 200, 300 கிலோமீட்டர் ஓட்டியதும் ஒருமுறை பெண்டு எடுக்கக் கொடுங்கள்.

அந்த வேலை தெரிந்த சைக்கிள் கடைக்காரர் ஊருக்கு ஒருவர் மிஞ்சினாலே பெரிது. சக்கரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிற நாம், பெண்டு எடுக்க அவர் கேட்கும் 100 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். அவர் கடையை மூடினால் நஷ்டம் ரேஸ் சைக்கிளுக்கு மட்டுமா? பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வாங்கிய பிள்ளை, சக்கரம் ஆடியதும் அதைத் திண்ணையில் சாத்திவிட்டு மறுபடி நடக்க ஆரம்பிக்கும்.

எடையைக் குறைக்க வேண்டுமா? முதலில் நம் தொப்பையைக் குறைப்போம். சக்கரத்தை அந்தக் கைகளிடம் விடுவோம். கேட்ட கூலியைக் கொடுப்போம்.