காற்றடிக்கும் கைகளுக்குக் காப்பு எங்கே?

ஊரில் நிலமில்லை, கையில் முதலில்லை, இந்தியும் தெரியாது. அப்படி ரயிலேறி மும்பையில் வந்து இறங்கிய நம்மவர் பலருக்கு முதல் கூலி கொடுத்தது லாரி டயர்தான். வடாலா, கலம்போலி என்று நாமக்கல், சங்ககிரி லாரிகள் வந்து நிற்கும் இடங்களில் தமிழ் பேசும் ஒரு டயர் கடை வேண்டியிருந்தது. ஒரு கம்ப்ரசர், ஒரு ஜாக்கி, இரண்டு கடப்பாரை, ஒரு தொட்டித் தண்ணீர், இவ்வளவுதான் கடை. எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, ஐந்தாறு ஆண்டில் தனிக்கடை போட்டவர்கள் நம் உறுப்பினர்களிலேயே உண்டு. மழையில் சாலை பெயர்ந்தால் ஊரே சபிக்கும்; பஞ்சர் கடைக்காரன் வீட்டு அடுப்பு மட்டும் நன்றாக எரியும். இதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை.

அந்த வருமானம் இன்று சுருங்கி வருகிறது. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். வண்டி நம் கடையைத் தாண்டிப் போய்விடுகிறது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் சாமானும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020-இல் விதியைத் திருத்தியது. டயர் கழற்றும் எந்திரமும் பாலன்சிங் எந்திரமும் வாங்க முடிந்தவன் நிமிர்ந்து நிற்கிறான். சாலையோரக் கடைக்கு மிஞ்சுவது பழைய லாரிச் சக்கரம். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

லாரி டயரில் ஏறுவது நூறு பவுண்டை ஒட்டிய காற்று. பழைய வகை டிஸ்க்கில் டயரைப் பிடித்து நிறுத்துவது லாக் ரிங் என்ற இரும்பு வளையம். அது துருப்பிடித்திருந்தாலோ, வளைந்திருந்தாலோ, பள்ளத்தில் சரியாக உட்காராமல் போனாலோ, காற்றேறும்போது பீரங்கிக் குண்டாய்த் தெறிக்கும். சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான ஹோஸைப் பூட்டி, எட்ட, பக்கவாட்டில் நின்று காற்றடிக்க வேண்டும். கழற்றுமுன் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுதும் இறக்க வேண்டும். நம் கடைகளில் எத்தனையில் கூண்டு இருக்கிறது? வளையத்தைக் காலால் மிதித்துக்கொண்டே காற்றடிப்பதைத்தான் நாம் பார்த்து வருகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் நம் உறுப்பினர் ஒருவரின் மகன், பத்தொன்பது வயது, இப்படித்தான் வலது கைப் பெருவிரலை இழந்தான். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார். பிறகு இருபதாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதி, மிஞ்சிய பெருவிரலின் ரேகையை வாங்கிக்கொண்டார். முதலாளியும் தமிழர்தான். அவரும் ஒரு காலத்தில் கடப்பாரை பிடித்தவர். நம் சந்தா ரசீது அவர் கல்லாவிலும் இருக்கிறது. எழுதலாமா, கூடாதா என்று நமக்குள்ளேயே ஒரு மாதம் வாதம் நடந்தது. எழுதுகிறோம்.

வேலையில் காயம்பட்டவனுக்கு நட்டஈடு தருவது முதலாளியின் பொறுப்பு என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அதன் 17-ஆம் பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தக் காப்பு நீங்கவில்லை. பெருவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போனதாக 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை கணக்கிட்டது. பத்துப் பேர் இல்லாத கடைக்குப் பொதுவாக ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. ஆகவே அந்தப் பையனுக்கு மிஞ்சிய வழி இந்த நட்டஈடுதான். 2021-இல் வந்த இ-ஷ்ரம் அட்டை அவன் சட்டைப் பையில் இருக்கத்தான் செய்கிறது!

கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. கூண்டு செய்வது வெல்டிங் பட்டறை வேலை. அளவு தெரியாதவர்கள் சங்கத்தில் கேட்கலாம். வளைந்த வளையத்தை அடித்து நிமிர்த்தி மாட்டச் சொல்லும் டிரைவரிடம் முடியாது என்று சொல்லுங்கள். அவர் அடுத்த கடைக்குப் போவார், போகட்டும்.

அத்தகைய முத்திரைத்தாளில் ரேகை வைத்த குடும்பம் எதுவானாலும், தாளின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, உடன் வேலை பார்த்த ஒருவர் ஆகியவற்றோடு ஞாயிறு மாலை சங்க அறைக்கு வரவேண்டும். நட்டஈட்டு மனுவை நாமே எழுதித் தருகிறோம்.