இளநாய்க்குப் பயம் தெரியும்

இளங்கன்று பயமறியாது என்று சொல்லிவைத்தவர்கள் மாடு வளர்த்தவர்கள். நாய் வளர்த்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

நாய் சமாச்சாரத்தில் வங்கிக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயம்தான். படித்தது பி.காம்., பார்ப்பது கடன் பிரிவு. ஆனால் புனேயில் நான் குடியிருக்கும் சொசைட்டியில் இருபது நாய்களாவது இருக்கின்றன, எங்கள் வீட்டில் ஒன்று. சாயங்காலம் ஏழு மணிக்குக் கீழே இறங்கினால் எல்லாருக்கும் ஒரே புலம்பல். "போன மாசம் வரைக்கும் எல்லா நாயோடயும் விளையாடிட்டு இருந்தான் சார். இப்ப இன்னொரு நாயைக் கண்டாலே பாயறான்." நாயின் வயதைக் கேட்டால் பெரும்பாலும் எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் இருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகளின் பதினான்கு, பதினைந்து வயது மாதிரி.

உடனே யோசனைகள் குவியும். பக்கத்து பிளாட் காகா ரிட்டயர்ட் ஆசிரியர், நல்ல மனிதர். அவர் மருந்து ஒன்றே ஒன்றுதான்: "தோன் ஃபட்கே த்யா, சாஹேப்!" ரெண்டு போடுங்க சார் என்று அர்த்தம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம் பக்கத்திலும் சொல்வதுதானே. மராட்டிக்கும் தமிழுக்கும் இதில் சண்டையே இல்லை.

என் கருத்து இதற்கு நேர் எதிர். இந்த வயதில் இன்னொரு நாயைப் பார்த்துப் பாய்கிற நாய்களில் பெரும்பாலானவை ரவுடிகள் இல்லை. ஒன்று, பயந்த நாய். "நீ கிட்ட வராதே" என்பதைத்தான் அது அவ்வளவு சத்தமாகச் சொல்கிறது. அல்லது, போய் மோந்து பார்க்க ஆசைப்பட்டுச் சங்கிலி விடாததால் எரிச்சலில் கத்துகிற நாய். இரண்டையும் அடித்தால் என்ன ஆகும்? இன்னொரு நாய் எதிரே வந்தால் நமக்கு அடி விழும் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். எதிரே வருகிற நாயின் மேல் இருந்த வெறுப்பு இரட்டிப்பாகும்.

உறுமலை அடக்குவது இதைவிட ஆபத்து. எங்கள் தொழிலில் ஒரு கடன் தொண்ணூறு நாள் தவணை தவறினால்தான் வாராக்கடன். அதற்கு முன்பே எஸ்.எம்.ஏ. என்று ஒரு எச்சரிக்கைக் கணக்கு உண்டு: முதல் முப்பது நாள் ஒரு படி, அடுத்த முப்பது நாள் அடுத்த படி என்று ஏறும். உறுமல் நாயின் எஸ்.எம்.ஏ. அதற்கும் முன்னால் உடம்பு விறைக்கும், பார்வை குத்திட்டு நிற்கும், வாய் மூடிக்கொள்ளும், முதுகு மயிர் சிலிர்க்கும். (வால் ஆடுகிறதே என்று ஏமாறாதீர்கள். விறைப்பாக நிமிர்ந்து ஆடும் வால் சிநேகத்துக்கு அடையாளமில்லை.) உறுமியதற்கு அடிவாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கோபத்தை விடாது. அடுத்த தடவை முன்னறிவிப்பே இல்லாமல் நேராகக் கடி. ரிப்போர்ட்டில் எஸ்.எம்.ஏ. காட்டாத கிளை மேனேஜர்களை எனக்குத் தெரியும். முடிவு என்ன ஆகும் என்பதும் தெரியும்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? பாதி நாம் உண்டாக்குவது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. ஆனால் முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டி அட்டைப்பெட்டியில் வந்து இறங்குவதை எங்கள் வாசலிலேயே பார்த்திருக்கிறேன். பல்லை எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு, எவ்வளவு அழுத்தினால் சண்டை என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது அம்மாவிடமும் கூடப்பிறந்ததுகளிடமும்தான். அந்தப் பாடத்துக்கு முன்பே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுகிறோம்.

ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1965-லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார்கள்: ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அது அதற்கு உலகத்தில் சகஜமான பொருள் ஆகிவிடும். அந்த வாரங்களில்தான் நாம் தடுப்பூசி முடியட்டும் என்று பால்கனியில் பூட்டிவைக்கிறோம். பார்வோ பயம் நிஜமானது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத் தெருமண்ணில் இறக்கிவிட வேண்டியதில்லை. தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம். ஊசி போட்ட, சாதுவான பெரிய நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போகலாம். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனால் கவனமாகப் பழக்க ஆரம்பிக்கலாம் என்பதுதான் அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008-ல் சொன்னதும். உங்கள் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதி சங்கிலியின் வேலை. அவிழ்த்துவிட்ட இரண்டு நாய்கள் சந்திப்பதைப் பாருங்கள். வளைந்து வரும், பக்கவாட்டில் போய்ப் பின்னால் மோந்து பார்க்கும், விலகும். நாமோ குறுகலான காரிடாரில், லிஃப்ட் வாசலில், மூஞ்சிக்கு மூஞ்சி கொண்டுபோய் நிறுத்துகிறோம். நாய் பாஷையில் அது சட்டையைப் பிடிப்பது மாதிரி. போதாததற்கு நாம் சங்கிலியை இறுக்கி, கழுத்தை நெரித்து, பெயரைச் சொல்லிக் கத்துகிறோம். முதலாளியும் சண்டைக்குத் தயார் என்று அது நினைத்தால் தப்பா?

எங்கள் வீட்டுக்கு ஒன்பது மாதத்தில் வந்தவள் நாட்டு நாய். வந்த புதிதில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நாய் தெரிந்தாலே எகிறுவாள். செய்தது ரொம்பச் சின்ன காரியம். எந்தத் தூரத்தில் இன்னொரு நாயைப் பார்த்தும் எகிறாமல் இருக்கிறாள் என்று கண்டுபிடித்தோம். முதலில் அது ஒரு கிரிக்கெட் பிட்ச் நீளம் இருந்தது. அங்கே நின்று, அவள் அந்த நாயைப் பார்த்தவுடன் உப்புப் போடாத வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. நாய் மறைந்தால் கோழியும் கட். எகிறினால் திட்டு கிடையாது, திரும்பி நடை. அவ்வளவுதான். பாதித் தூரமாகக் குறைய மூன்று மாதம் ஆனது. கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பில் மாட்டும் பட்டை, கூட்டமில்லாத ஆறு மணி நடை, நாய் இருக்கும் லிஃப்டை விட்டுவிட்டு அடுத்த லிஃப்ட். என் மனைவி, "பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு பிளான் பண்ண மாட்டீங்க" என்றாள்.

இதையெல்லாம் ஒரே நிமிடத்தில் கெடுக்கிற ஆசாமி ஒருவர் உண்டு. சங்கிலியே இல்லாமல் தன் நாயை ஓடவிட்டு, ஐம்பதடி பின்னாலிருந்து "குச் நஹி கரேகா!" என்பவர். ஒண்ணும் பண்ணாதாம். உங்கள் நாய் ஒன்றும் செய்யாது சார், என் நாய் என்ன செய்யும் என்று கேட்டீர்களா? பயந்த நாய் ஒன்று மூன்று மாதத்தில் ஏறிய படியெல்லாம் இந்த ஒரு சந்திப்பில் இறங்கிவிடும். சொசைட்டி மீட்டிங்கில் பார்க்கிங்குக்கு ரெண்டு மணி நேரம் சண்டை போடுகிறோம். பொது இடத்தில் நாய்க்குச் சங்கிலி கட்டாயம் என்று ஒரு வரி தீர்மானம் போட இரண்டு நிமிடம் போதும். அடுத்த மாதம் நான் கொண்டுவரப் போகிறேன்.

இனத்தின் மேல் பழி போடுவதும் சுலபம். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது, ஏப்ரலில் அது நீதிமன்றத்தில் ரத்தானது. எங்கள் வளாகத்தில் மற்ற நாய்களைப் பார்த்து அதிகம் பாய்வது ஒரு பொமரேனியன். சின்னதாக இருப்பதால் எல்லாரும் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

கருத்தடை செய்தால் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையில்லை. சில ஆண் நாய்களுக்குள் போட்டி குறையலாம். பயத்தில் பாய்கிற நாய்க்கு அது மருந்து ஆகாது.

பி.கு. 1: நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். காதில் சீழ், இடுப்பு எலும்பு வலி என்று எதுவும் இருக்கலாம்.

பி.கு. 2: ஏற்கெனவே இன்னொரு நாயைக் கடித்துக் காயப்படுத்திய நாய் என்றால் கோழித்துண்டோடு நிறுத்தாதீர்கள். கூடை மாதிரி இருக்கும் வாய்மூடி வாங்கி, வீட்டிலேயே மெல்லப் பழக்குங்கள். அதில் மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். துணியால் வாயை இறுக்கிக் கட்டும் ரகம் நம் வெயிலுக்கு வேண்டாம். சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை மட்டும் விடாதீர்கள், ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள்.