படிக்காமல் காட்டிய ஆதாரம்!

டாக்டர்கள் படிக்கும் பத்திரிகை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். கட்டுரை நெடுகச் சின்னச் சின்ன எண்கள் இருக்கும். ஒரு வாக்கியத்தின் முடிவில் 1. இன்னொன்றின் முடிவில் 2. கடைசிப் பக்கத்தில் அதே எண்களை வரிசையாகப் போட்டு ஒரு பட்டியல் இருக்கும்.

அதுதான் ஆதாரப் பட்டியல். "இது நானாகச் சொன்னது அல்ல. இன்னார், இன்ன ஆண்டில், இன்ன பத்திரிகையில், இன்ன பக்கத்தில் எழுதியிருக்கிறார். சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள்" என்று கட்டுரை எழுதியவர் நமக்குச் சொல்கிறார்.

தபால்காரருக்கு வீட்டு விலாசம் எப்படியோ, படிப்பவருக்கு இந்தப் பட்டியல் அப்படி. தெருப் பெயர் தவறினால் கடிதம் போய்ச் சேராது. பக்க எண் தவறினால் ஆதாரம் கிடைக்காது.

வான்கூவர் கூட்டம்

ஒரு காலத்தில் ஒவ்வொரு மருத்துவப் பத்திரிகையும் ஒவ்வொரு விதமாக விலாசம் கேட்டது. ஒரு பத்திரிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பினால், அடுத்த பத்திரிகைக்காகப் பட்டியல் முழுவதையும் மறுபடி டைப் அடிக்க வேண்டும். எத்தனை வீண் வேலை!

1978-ல் பத்திரிகை ஆசிரியர்கள் சிலர் கனடாவில் உள்ள வான்கூவர் நகரில் கூடினார்கள். "எல்லோருக்கும் ஒரே முறை" என்று முடிவு செய்தார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் வகுத்த முறையை எடுத்துக்கொண்டார்கள். 1979-ல் அந்த விதிகள் அச்சில் வந்தன. இன்றும் அதற்கு "வான்கூவர் முறை" என்றுதான் பெயர்.

முதலில் எழுதியவரின் பெயர். ஆறு பேருக்கு மேல் இருந்தால் ஆறு பெயரோடு நிறுத்தி "மற்றும் பலர்" என்று போடலாம். பிறகு தலைப்பு. பிறகு பத்திரிகையின் சுருக்கப் பெயர். பிறகு ஆண்டு, தொகுதி, பக்கம்.

காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் இத்தனை சட்டமா என்று சிரிக்கத் தோன்றும். சிரிக்க வேண்டாம். அந்தப் புள்ளிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள், படிக்க மனம் இல்லாமல் விட்டதால் வந்த வினை ஒன்று உண்டு.

ஒரே ஒரு பக்கம்

"1980;302:123."

இது ஒரு விலாசம். 1980-ம் ஆண்டு. 302-வது தொகுதி. 123-ம் பக்கம். பத்திரிகை, அமெரிக்காவின் புகழ் பெற்ற "நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்". எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர்.

அந்த எண்ணை இன்னொரு முறை பாருங்கள். 123 என்று மட்டும் இருக்கிறது. பல பக்கம் ஓடும் கட்டுரையாக இருந்தால் தொடங்கும் பக்கம், முடியும் பக்கம் இரண்டும் இருக்கும். இது ஒரே பக்கத்துச் சமாசாரம். அதிலும் முழுப் பக்கம் அல்ல. ஆசிரியருக்கு எழுதிய கடிதம். மொத்தம் ஐந்தே வாக்கியங்கள்! நூலகத்தின் முறைப்படி எழுதினால், தலைப்பை அடுத்துச் சதுர அடைப்புக்குள் "கடிதம்" என்று போட்டே ஆக வேண்டும்.

கடிதத்தில் என்ன இருந்தது? ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களின் குறிப்புகளைப் பார்த்தார்கள். அவர்களில் 11,882 பேருக்கு அபின் இன மருந்து ஒரு முறையாவது கொடுக்கப்பட்டது. முன்பு அந்தப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர் மட்டுமே அதற்கு அடிமையானதாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், நர்சின் கண் முன்னால், கணக்காகக் கொடுத்த மருந்து அது. அதே மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் விழுங்கினால் என்ன ஆகும் என்று கடிதம் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காக எழுதப்பட்டதும் அல்ல.

608 முறை!

1996-ல் "ஆக்சிகான்டின்" என்ற வலி மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதுவும் அபின் இனம்தான். "இந்த மருந்துகளுக்கு நோயாளி அடிமையாவது அபூர்வம்" என்று கட்டுரைகள் வந்தன. வாக்கியத்தின் முடிவில் ஒரு சின்ன எண். பட்டியலில் அந்தக் கடிதத்தின் விலாசம்!

ஒருவர் போட்டதைப் பார்த்து இன்னொருவர் போட்டார். அவரைப் பார்த்து மற்றொருவர். பொது மக்கள் படிக்கும் "டைம்" பத்திரிகைகூட 2001-ல் அந்தக் கடிதத்தைப் பெரிய ஆராய்ச்சி என்று போற்றியது.

2017-ல் கனடா நாட்டு டாக்டர்கள் சிலர் உட்கார்ந்து எண்ணினார்கள். அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகள் ஆதாரம் காட்டியிருந்தன. 439 கட்டுரைகள், அடிமையாவது அபூர்வம் என்பதற்கு அதையே சாட்சியாக நிறுத்தின. 491 கட்டுரைகள், அது ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பற்றியது என்பதைச் சொல்லவே இல்லை.

இதற்குள் என்ன நடந்துவிட்டது? மாத்திரையை விற்ற பர்டியூ கம்பெனியின் தரப்பு, அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. 1999 முதல் 2022 வரை அபின் இன மருந்துகளும் போதைப் பொருள்களும் அளவு மீறி அமெரிக்காவில் இறந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். எல்லாவற்றுக்கும் ஒரு கடிதமே காரணம் என்று சொல்வது அநியாயம். கள்ளச் சந்தையில் விற்ற போதைப் பொருள்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால், தயங்கிய டாக்டரின் கையில் பேனாவைக் கொடுத்த சாட்சிகளில் அந்தக் கடிதமும் ஒன்று.

யார் பார்ப்பது?

அந்த 608 விலாசங்களில் பெரும்பாலானவற்றில் புள்ளியும் எண்ணும் சரியாகவே இருந்திருக்கும். அச்சுக்கு முன் திருத்துகிறவர் புள்ளியைப் பார்ப்பார். எண்ணைப் பார்ப்பார். கதவைத் தட்டி, உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்பது எழுதியவரின் பொறுப்பு. ஆதாரங்களைச் சரிபார்க்கும்படி ஆசிரியர் குழுவின் விதியும் சொல்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது!

இப்போது புதிய ஆபத்து ஒன்றும் வந்திருக்கிறது. கேட்டதை எழுதித் தரும் செயற்கை அறிவு எந்திரங்கள், சில சமயம் இல்லாத கட்டுரைக்கே விலாசம் எழுதிக் கொடுக்கின்றன. பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் வான்கூவர் முறைப்படி கச்சிதம். போய்ப் பார்த்தால் அந்தத் தெருவில் அப்படி ஒரு வீடே இல்லை!

ஆகவே ஒன்று சொல்கிறோம். கட்டுரையை வாங்கும் பத்திரிகைகள், பட்டியலிலிருந்து நான்கு எண்களைக் குறிப்பின்றி எடுக்கட்டும். "இந்தப் பக்கங்களை அனுப்புங்கள். நீங்கள் சொல்வது எந்த வரியில் இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்கட்டும். மருத்துவக் கல்லூரிகளும் மாணவரின் பட்டியலை இதேபோல் சோதித்து மார்க் போடட்டும். செலவு அதிகம் இல்லை.

அந்தக் கடிதம் இன்றும் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. அடிமையாவது அபூர்வம் என்பதற்கு இதை யோசிக்காமல் பலரும் ஆதாரம் காட்டிவிட்டார்கள் என்று ஆசிரியரின் எச்சரிக்கை ஒன்றை அதோடு சேர்த்திருக்கிறார்கள். சேர்த்த ஆண்டு 2017. கடிதம் வெளிவந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு.