அடிக்குறிப்புக்குள் ஒளிந்திருக்கும் பழைய பேப்பர் கடை

தில்லியில் நடைபெறும் வரலாற்றுக் கருத்தரங்குகளில் இப்போது உதிரி அச்சுத்தாள்களுக்கு நல்ல காலம். நாள்காட்டிப் படம், நாடக நோட்டீசு, தீப்பெட்டி ஒட்டுப்படம், திருமண அழைப்பிதழ், புகைப்பட அஞ்சலட்டை, பழைய செய்தித்தாளின் விளம்பரப் பக்கம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் திரையில் காட்டாமல் பண்பாட்டு வரலாறு பேசுவோர் குறைவு. படத்தின் அடியில் 'தனியார் சேகரிப்பு' என்ற இரு சொற்கள் இருக்கும். அந்தத் தாளைக் காத்து வைத்தவர் யார், அது எந்தக் கடையில் எவ்வாறு கிடைத்தது, எந்தத் தொகுதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளும் அவ்விரு சொற்களோடு முடிந்துபோகின்றன. அரசு ஆவணம் என்றால் துறை, கோப்பு எண், ஆண்டு, பக்கம் என்று துருவிக் கேட்கும் அதே ஆய்வு நெறியாளர், இங்கே மட்டும் வாய் திறப்பதில்லை.

இது அடிக்குறிப்பு எழுதும் முறையில் நேர்ந்த சிறு கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது. உதிரித்தாளைக் கொண்டு வரலாறு எழுதுவதில் பெருமை கொள்ளும் கல்வித்துறை, அதைச் சேகரிக்கும் வேலையைத் தன் தகுதிக்குக் குறைவானதாகக் கருதுகிறது. பொறுக்குவது பழைய பேப்பர்க்காரரின் வேலை. காப்பது யாரோ ஒரு பித்தரின் வேலை. விளக்கம் சொல்வது பேராசிரியரின் வேலை. இந்தச் சாதிமுறைப் பிரிவினையைத்தான் 'தனியார் சேகரிப்பு' என்னும் சொற்கள் மூடி மறைக்கின்றன.

அரசு காக்கும் என்று நம்பியிருப்பவர்கள் அரசின் நிலையை அறிய வேண்டும். 1891இல் கல்கத்தாவில் தொடங்கி, பின்னர் தில்லிக்கு வந்து, இன்று ஜன்பத்தில் நிற்கும் தேசிய ஆவணக்காப்பகம் அடிப்படையில் அரசாங்கக் கோப்புகளுக்கான இடம். அக்கோப்புகளே அங்கு முழுமையாக வந்து சேர்வதில்லை. மத்திய அரசின் 151 அமைச்சகங்கள், துறைகளுள் 36 மட்டுமே தம் ஆவணங்களைக் காப்பகத்துக்கு அளித்துள்ளன என்றும், 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் தங்களிடம் இல்லை என்றும் அதன் தலைமை இயக்குநரே 2022 டிசம்பரில் வெளிப்படையாகக் கூறினார். போர்க் கோப்புக்கே இதுதான் கதி என்றால், தெருவில் கொடுத்த நோட்டீசைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் நூல்களையும், 1956இன் திருத்தத்துக்குப் பின் செய்தித்தாள்களையும் கொல்கத்தா, சென்னை, மும்பை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் நூலகங்களுக்கு அனுப்பச் சொல்கிறது. அழைப்பிதழும் சுவரொட்டியும் நாள்காட்டியும் அதன் வரம்புக்குள் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அது வெட்கப்பட வேண்டிய விதிவிலக்கு. ஆங்கிலேய அரசு தடை செய்த துண்டுப் பிரசுரங்களும் பாட்டுப் புத்தகங்களும், தமிழில் வந்தவை உட்பட, தேசிய ஆவணக்காப்பகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. நார்மன் ஜெரால்ட் பாரியர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து 1974இல் தனி நூலே எழுதினார். காலணாப் பாட்டுப் புத்தகத்தைப் பத்திரப்படுத்தியது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. பறிமுதல் செய்த காவல்துறை. அஞ்சியதைக் காவலர் எடுத்து வைத்தார், அஞ்சாததை விட்டுவிட்டார். ஆகவே அரசின் கையிலுள்ள உதிரித்தாள் வரலாறு போலீசாரின் அச்சத்தை அளவுகோலாகக் கொண்டது. கொலைச் சிந்தும் ஒப்பாரிப் பாட்டும் சமையல் குறிப்பும் மருந்து விளம்பரமும் அரசுக்கு அச்சமூட்டவில்லை. அவற்றைக் காக்க வேறு ஆள் வேண்டியிருந்தது.

அந்த வேறு ஆள் யார் என்பதற்குத் தமிழ்நாட்டைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் இல்லை. சென்னையில் விளம்பரப் பலகை எழுதியவர். நூல், இதழ், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று அவர் திரட்டியவை ஏறத்தாழ 1,00,000. 1992இல் அவர் மறைந்த பிறகு அத்தொகுப்பை விலை கொடுத்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அது தொகுப்பைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது என்பது நம் நற்பேறு. தில்லியில் இப்ராகிம் அல்காசியைச் சொல்லலாம். தேசிய நாடகப் பள்ளியை 1962 முதல் 1977 வரை வழிநடத்திய அவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இந்தியப் புகைப்படங்களைத் தம் முயற்சியால் திரட்டினார். இன்று அது 90,000க்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட தொகுப்பு. இரண்டு பெயர்களும் இல்லாவிட்டால் பின்வந்த எத்தனை ஆய்வேடுகள் எழுதப்பட்டிருக்கும் என்று துறைகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

கதையில் அமெரிக்கத் தாளுக்கும் ஓர் இடம் உண்டு. தில்லியிலிருந்து அமெரிக்கத் தகவல் சேவை 1960 முதல் 'ஸ்பேன்' இதழை வெளியிட்டது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் 'சோவியத் நாடு' தமிழிலேயே வந்தது. அந்த வழவழப்பான பக்கங்களைப் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. பனிப்போரின் பண்பாட்டு முகத்தை ஆராய்வோருக்கு இவை முதன்மைச் சான்றுகள். அமெரிக்க அரசு வெளிநாட்டாருக்கென்று தயாரித்த பரப்புரையை அமெரிக்காவுக்குள் பரப்புவதை அந்நாட்டுச் சட்டமே நெடுங்காலம் கட்டுப்படுத்தியிருந்தது. அக்கட்டுப்பாடு பெருமளவு தளர்ந்தது 2013இல்தான். எனவே அமெரிக்க வரலாற்றின் ஒரு பகுதி அமெரிக்க வீடுகளில் சேராமல், தில்லியிலும் மதுரையிலும் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறியது. இந்த வாய்ப்பைக் கிலோக் கணக்கில் விற்றுவிட்டோம்.

அதே ஆண்டுகளில் எதிர்த்திசையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். பி.எல். 480 சட்டத்தின்படி வந்த அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தில்லி அலுவலகம் 1962 முதல் இந்திய மொழி நூல்களையும் இதழ்களையும் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நாளடைவில் துண்டுப் பிரசுரங்களையும் அது திரட்டிப் படச்சுருளில் ஏற்றியது. தில்லியில் அச்சான ஒரு பிரசுரத்தைப் படிக்கத் தில்லி மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் நிலை இப்படித்தான் வந்தது. இதை ஏகாதிபத்தியத்தின் அறிவுக் கொள்ளை என்று வசைபாடுவது எளிது. ஆனால் அந்தப் பிரசுரங்கள் கடையில் எல்லோருக்கும் கிடைத்தவை. வாங்குவதை எவரும் தடுக்கவில்லை. வாங்காமல் இருந்தது நாம்.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம்.

சேகரிப்பாளர் வணிகர், தாளைச் சிதைப்பவர் என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. உள்நாட்டுப் போர்க்கால 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யிலிருந்து வின்ஸ்லோ ஹோமரின் மரச்செதுக்குப் படங்களை வெட்டித் தனித்தனியே விற்பது அமெரிக்கச் சந்தையில் பழகிப்போன தொழில். 1842இல் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழின் இந்தியக் காட்சிகளுக்கும் இதே கதிதான். கறுப்பு வெள்ளையில் அச்சான 1857 கலகக் காட்சிக்குப் பின்னாளில் வண்ணம் தீட்டி, சட்டமிட்டு, 'அசல் பழம்படம்' என்று விற்கிறார்கள். வெட்டப்பட்ட தாளில் பின்பக்கச் செய்தி சட்டத்துக்குள் மறைகிறது, பக்கத்துப் பத்தி போய்விடுகிறது, தேதியும் போய்விடுகிறது. 1858இல் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் எலும்புகள் சிதறிக் கிடப்பதாக ஃபெலிஸ் பியாட்டோ எடுத்த படம், கொலை நடந்து சில மாதங்களுக்குப் பின் ஒழுங்குசெய்து எடுக்கப்பட்டது என்பது தெரியாமல் அதைச் சான்றாகக் காட்டினால் என்ன ஆகும்? அது எந்தத் தொகுப்பில், எந்தப் படங்களுக்கு நடுவில், எந்தக் குறிப்போடு இருந்தது என்ற விவரம் படத்தளவு முக்கியமானது. ஆனால் இதைச் சொல்லிச் சேகரிப்பாளரைக் கடியும் உரிமை கல்வித்துறைக்கு இல்லை. வெட்டிய தாளையே தன் நூலுக்கு அட்டைப் படமாகப் போட்டு, எங்கிருந்து வெட்டப்பட்டது என்று கேளாமல் விடுபவர் அந்த வணிகத்தின் பங்காளி. மூலத்தை ஒருவரும் கேட்காத இடத்தில் அதைப் பாதுகாக்க வணிகருக்கு என்ன தூண்டுதல்?

எல்லாவற்றையும் மின்வடிவாக்கிவிட்டால் போதும் என்பது இரண்டாம் மறுப்பு. அமெரிக்கர் இந்தப் பாடத்தை ஏற்கெனவே விலை கொடுத்துக் கற்றுவிட்டனர். நுண்படச்சுருள் வந்ததும் அங்குள்ள நூலகங்கள் செய்தித்தாள் தொகுதிகளைக் கட்டவிழ்த்துப் படமெடுத்து, மூலத்தைக் கழித்துவிட்டன. 1999இல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்கச் செய்தித்தாள் தொகுதிகளை விற்க முன்வந்தபோது, நிக்கல்சன் பேக்கர் என்ற நாவலாசிரியர் பணம் திரட்டி அவற்றை வாங்கினார். ஜோசப் புலிட்சரின் 'நியூயார்க் வேர்ல்ட்' அவற்றுள் ஒன்று. அதன் ஞாயிறு மலரின் வண்ணம் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் இல்லை. அத்தொகுதிகள் 2004இல் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. 2001இல் பேக்கர் எழுதிய 'டபுள் ஃபோல்ட்' நூலுக்கு ஆவணக்காப்பாளர்கள் கடுமையாகப் பதில் எழுதினர். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள எந்த நிறுவனத்தாலும் இயலாது என்றனர். அது நியாயமான பதில். எல்லாவற்றையும் வைக்க முடியாதுதான். எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பையே கைவிட்டவர்களுக்கு அந்தப் பதில் துணையாகாது. படியெடுப்பது பயன்பாட்டுக்கு, மூலம் சரிபார்ப்புக்கு. தாளின் தரம், அச்சு மை, மடிப்பு, ஓரத்தில் வாசகர் எழுதிய கணக்கு ஆகியவை கேள்வியாகும் நாளில் திரையால் விடை சொல்ல முடியாது.

பணம் இல்லை என்பது மூன்றாம் மறுப்பு. விளம்பரப் பலகை எழுதிய ஒருவரால் 1,00,000 உருப்படிகள் சேர்க்க முடிந்த நாட்டில் பேராசிரியர்கள் இதைச் சொல்லக் கூசவேண்டும். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.சி. ஜோஷி சமகால வரலாற்று ஆவணக்காப்பகம், ஓர் அரசியல் ஊழியர் விடாமல் சேர்த்த தாள்களின் மேல் எழுந்தது; வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அதே பல்கலைக்கழகத்தின் சுவர்களில் மாணவர் கைப்பட எழுதிய சுவரொட்டிகள் 2019இல், சொத்துச் சிதைப்புத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி அகற்றப்பட்டன. ஷாகீன் பாக்கின் ஓவியங்களும் பதாகைகளும் 2020 மார்ச் 24 அன்று ஒரே காலையில் துடைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் விவசாயிகள் தில்லி எல்லையில் 'டிராலி டைம்ஸ்' என்ற செய்தித்தாளைப் பஞ்சாபியிலும் இந்தியிலும் தொடங்கினர். இம்மூன்று நிகழ்வுகளைப் பற்றியும் தில்லியில் ஆய்வுக்கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தத் தாள்களை எண்ணிட்டு, தேதியிட்டு, கட்டி வைத்த துறை நூலகங்கள் எத்தனை? தரியாகஞ்சின் ஞாயிற்றுப் புத்தகச் சந்தை 2019இல் நடைபாதையிலிருந்து மகிளா ஹாட்டுக்கு மாற்றப்பட்டபோது ஏக்கக் கட்டுரைகள் குவிந்தன. ஏக்கத்தைவிட, வாரம் ஒருமுறை அங்கு சென்று வாங்கிவர ஒரு நூலகரும் ஒரு சிறு தொகையும் பயன்பட்டிருக்கும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. ஆய்வேட்டில் உதிரித்தாள் சான்றானால், அது எவரிடமிருந்து, எந்த ஊரில், எந்த நாளில், எந்த நிலையில் கிடைத்தது என்று எழுத வேண்டும். காத்து வைத்தவர் விரும்பினால் அவர் பெயரும், விரும்பாவிட்டால் அவர் தொழிலும் ஊரும் குறிக்கப்பட வேண்டும். தொகுதியிலிருந்து வெட்டிய தாள் என்றால் 'வெட்டப்பட்டது' என்று சொல்ல வேண்டும். ஆய்வு முடிந்ததும் மாணவர் திரட்டிய தாள்களைத் துறை நூலகம் பதிவேட்டில் ஏற்றிப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆய்வு முறையியல் தாளில் தாளைப் பிரிப்பது, தூசி துடைப்பது, அமிலமற்ற உறையில் இடுவது பற்றி ஒரு வாரமாவது கற்பிக்க வேண்டும். கரையானைப் பற்றி ஒன்றும் அறியாமல் 'ஆவணத்தின் அரசியல்' பற்றி முனைவர் பட்டம் பெறுவது இன்று இயல்பாக இருக்கிறது. அது இயல்பாக இருக்கக் கூடாது.

இன்றைய நோட்டீசு நாளைக்கு எவருடைய கையில் இருக்கும் என்பது இன்று முடிவாகிறது. பல்கலைக்கழகம் எடுத்து வைக்காததை மூவர் எடுப்பர்: போலீசார், வணிகர், வெளிநாட்டு நூலகம். மூவருக்கும் அவரவர் காரணம் இருக்கும். பின்னர் எழுதப்படும் வரலாறு அந்தக் காரணங்களின் அளவுக்கே விரியும். அதை எழுதப்போகும் மாணவரிடம் 'ஆதாரம் எங்கே' என்று கேட்கும் தகுதி, இன்று குனிந்து ஒரு தாளை எடுத்து வைத்தவருக்கே உண்டு.