பூட்டிக் கிடக்கும் பழைய கோப்புறை



தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைப்பாடுகளை நெய்யும் பொறியை உருவாக்கினார். அவ்வட்டைகளையே முன்மாதிரியாகக் கொண்டு, ஆங்கில அறிஞர் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் துளையட்டைகளை வகுத்தார். ஆகவே, புவிசார் குறியீடு பெற்ற பட்டுப்புடவைகளை நெய்யும் ஆரணியில் ஒரு வீட்டுக் கூடத்தில் தறியும் கணினியும் அருகருகே இருக்கக் கண்டால் வியப்பதற்கில்லை. இரண்டும் உறவினரே.

அத்தகைய இல்லம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பகலில் தந்தை, கரைக்கும் முந்தானைக்கும் வேண்டிய கோலங்களைக் கணினியில் வரைந்து சேமிக்கிறார். மாலையில் மகன் அதிலேயே விளையாடுகிறான். விண்டோஸ் 10-க்கு வழங்கப்பட்டு வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவடைந்ததால், புதிய விண்டோஸை நிறுவுகின்றனர். எல்லாம் செம்மையாக முடிந்தது போலத் தோன்றுகிறது. ஆனால் ‘டி’ என்னும் பகுதியில் இடமில்லை. புதிய கோலத்தைச் சேமிக்க முடியவில்லை. மகனுடைய விளையாட்டு எதுவும் பட்டியலில் காணப்படவில்லை. எனினும் இடத்தை ஏதோ ஒன்று விழுங்கிக் கொண்டிருக்கிறது. தேடிப் பார்த்தால், ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்னும் கோப்புறை இருக்கிறது. அழிக்க முயன்றால், உமக்கு அனுமதியில்லை என்ற மறுமொழியே வருகிறது.

இதன் காரணத்தை முதலில் அறிவது நலம். மைக்ரோசாப்ட் ஸ்டோர் அல்லது எக்ஸ்பாக்ஸ் செயலி வழியாக நிறுவப்படும் விளையாட்டுகளுட் பல இந்தக் கோப்புறையில் வைக்கப்படுகின்றன. பயனர் தவறுதலாக மாற்றிவிடாதிருக்கவும், களவாகப் படியெடுக்காதிருக்கவும், அதன் உரிமை ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்னும் அமைப்புக் கணக்கிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸை மீண்டும் நிறுவும்போது ‘சி’ பகுதி துடைக்கப்படுகிறது. ‘டி’ பகுதி தொடப்படுவதில்லை. பழைய விளையாட்டு அங்கேயே கிடக்க, அதைப் பற்றிய பதிவேடு மட்டும் மறைந்துவிடுகிறது. மேலும், நீங்கள் அதே பெயரில் புதிய கணக்கைத் திறந்தாலும், கணினி உங்களைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் உரிய ஓர் அடையாள எண்ணாலேயே அறிகிறது. எண் மாறியதால் நீங்கள் அதற்குப் புதியவரே. குடியிருந்தவர் அறையைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுப் போனது போன்றது இந்நிலை. வீட்டுக்காரர் பூட்டை மாற்ற உரிமையுள்ளவர். ஆயின் முறையறிந்து மாற்ற வேண்டும்.

முறை தெரியாமல் கை வைப்பதால் வரும் கேடு பெரிது. ‘சி’ பகுதியிலும் இதே பெயரில் ஒரு கோப்புறை உண்டு. கணிப்பான், புகைப்படச் செயலி முதலிய பல அதனுள்ளேதான் வாழ்கின்றன. அதனை ஒருபோதும் தொடலாகாது. கீழே கூறப்படுபவை யாவும் ‘டி’ போன்ற வேறு பகுதியில் எஞ்சிய பழைய கோப்புறைக்கே பொருந்தும்.

முதலாவது, கோலக் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து வையுங்கள். இதனைச் செய்யாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

இரண்டாவது, மென்மையான வழியை முயலுங்கள். எக்ஸ்பாக்ஸ் செயலியில் அதே கணக்கில் நுழைந்து, அதே விளையாட்டை அதே பகுதியில் நிறுவத் தொடங்குங்கள். சில வேளைகளில் செயலி பழைய கோப்புகளை அடையாளம் கண்டுகொள்ளும். அவ்வாறாயின், பிறகு முறைப்படி நீக்கிவிடலாம்.

மூன்றாவது, அது பயன் தராவிடில், புதிய செயலிகள் ‘டி’ பகுதியில் நிறுவப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இருப்பின் அவற்றை அமைப்புகள் வழியாக ‘சி’ பகுதிக்கு மாற்றுங்கள் அல்லது நீக்குங்கள். சேமிப்பக அமைப்பில், புதிய செயலிகள் சேமிக்கப்படும் இடத்தையும் ‘சி’ என்றே குறியுங்கள்.

நான்காவது, நிர்வாகி கணக்கில் இருந்துகொண்டு, அந்தப் பழைய கோப்புறையின்மேல் வலச்சொடுக்கி, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்டு’ என முறையே செல்லுங்கள். ‘ஓனர்’ என்பதன் அருகிலுள்ள ‘சேஞ்ச்’ என்பதை அழுத்தி, ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்னும் குழுவை உரிமையாளராக்குங்கள். உள்ளேயுள்ள கோப்புறைகளுக்கும் உரிமையை மாற்றும் கட்டத்தைக் குறித்து, ஒப்புதல் தாருங்கள். மூடிவிட்டு மீண்டும் அதே இடத்தைத் திறந்து, அக்குழுவுக்கு முழு அனுமதி வழங்கி, அதனை உள்ளேயுள்ள யாவற்றுக்கும் பரவச் செய்யுங்கள். கோப்புகள் பலவாயின் நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். பின்னர் கோப்புறையைத் தேர்ந்து, ‘ஷிப்ட்’ விசையோடு ‘டெலீட்’ விசையை அழுத்தினால் அது குப்பைத்தொட்டிக்குச் செல்லாமல் நேரே நீங்கும். கோப்பு பயன்பாட்டில் உள்ளது என்று மறுத்தால், ‘சேஃப் மோடு’ எனப்படும் பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்கி முயலுங்கள்.

இந்த உரிமை மாற்றத்தை அந்தக் கோப்புறை ஒன்றுக்கு மட்டுமே செய்ய வேண்டும். ‘டி’ பகுதி முழுவதற்கும் செய்வது தேவையற்றது. ‘சி’ பகுதிக்குச் செய்வது அமைப்பையே சீர்குலைக்கும்.

ஐந்தாவது, எதுவும் பலிக்காவிடில், ‘டி’ பகுதியை முழுவதும் ‘பார்மேட்’ செய்வதே எஞ்சிய வழி. அதிலுள்ள அனைத்தும் மறைந்துவிடும். முதற்படியில் எடுத்த படி இருந்தாலன்றி இதற்குத் துணியாதீர்கள்.

இவ்விடத்தில் பூட்டுக்கும் மறைகுறிக்கும் உள்ள வேறுபாட்டை உணர வேண்டும். அனுமதி மறுப்பு என்பது பூட்டு. உரிமை மாற்றத்தால் அது திறக்கும். மறைகுறியாக்கம் என்பது எழுத்தையே உருமாற்றிவிடுவது. உரிமை பெற்றாலும் அதனைப் படிக்க இயலாது. தம் கோலக் கோப்புகளை விண்டோஸின் மறைகுறி வசதியால் காத்து வந்தவர், அதன் சான்றிதழைத் தனியே எடுத்து வைக்காமல் விண்டோஸை மீண்டும் நிறுவினால், அக்கோப்புகளை அழிக்க இயலுமேயன்றித் திறக்க இயலாது. ‘பிட்லாக்கர்’ காவல் உள்ள வட்டுக்கும் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் உண்டு. அதனைத் தாளில் எழுதி, பத்திரங்களோடு வைத்திருப்பது அறிவுடைமை.

ஆகவே, நோய் வந்தபின் மருந்து தேடுவதிலும் வருமுன் காத்தலே சிறந்தது. விண்டோஸை மீண்டும் நிறுவத் திட்டமிடும்போதே, ‘டி’ பகுதியிலுள்ள விளையாட்டுகளை முறைப்படி நீக்கிவிடுங்கள். விளையாட்டின் முன்னேற்றம் இணையத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று மகனிடம் கேட்டறிந்து, அதன்பின் நீக்குங்கள். மாதக்கணக்கில் அவன் விளையாடிப் பெற்றதைக் கேளாமல் அழிப்பது, தந்தையின் கோலத்தைக் கேளாமல் அழிப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு கணினியைப் பலர் பகிரும் இல்லங்களில் இன்னுமொரு நல்வழக்கம் உண்டு. தொழிலுக்குரியவை ஒரு பகுதியிலும், பொழுதுபோக்குக்குரியவை மற்றொரு பகுதியிலும் இருக்கட்டும். தந்தைக்கும் மகனுக்கும் தனித்தனிக் கணக்குகள் இருக்கட்டும். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் பெற்றோரிடம் இருக்கட்டும். துடைக்க வேண்டிய நாள் வரும்போது, எது உணவுக்கு வழி, எது விளையாட்டு என்று ஐயமின்றிப் பிரித்தறிய இது உதவும்.